கொஞ்சம் கருகிய சாறு

விண்டர்தூர்,
4 செப்டம்பர் 1983

அக்கா ஸ்டோய்னாவுக்கு, தம்பி க்ரூம் எழுதுவது.

லீவு முடிந்து என் பஸ் கிளம்பும்போது நீ வாசலுக்கு வரவில்லை. மிட்ரே அத்தான்தான் ஒரு பை நிறையச் சுட்ட குடைமிளகாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "அவ உள்ள வேலையா இருக்கா"ன்னு சொல்லிவிட்டு, தானே அதை நம்பாத முகத்தோடு நின்றார். சுவிஸ் எல்லை வரும்வரை அந்த முகம்தான் என் கண்ணில் இருந்தது.

ஒரு பெட்டி திராட்சைச் சாறு. அதற்காக ஒருத்தி கூடப்பிறந்தவனிடம் பேசாமல் இருப்பாளா? இங்கே நான் போகும் மெதடிஸ்டு சபையில் திருவிருந்துக்கு ஒயினுக்குப் பதிலாக இந்தச் சாற்றைத்தான் வைக்கிறார்கள். நம் சபைக்கும் கொடுக்கலாமே என்று ஆசையாகக் கொண்டுவந்தேன். போதகர் ஈலியா அந்த ஞாயிறே நீ காய்ச்சிய சாற்றை ஒதுக்கிவிட்டு இதைப் பாத்திரத்தில் ஊற்றுவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நீ முழங்காலிட வரவே இல்லை. சபை முழுக்க எழுந்து முன்னால் போனது, நீ மட்டும் பெண்கள் பக்கத்து நடு பெஞ்சில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாய். அன்று பாடும்போது என் கீழ்க்குரலே வரவில்லை.

முற்றத்தில் நான் போதகர் மனைவியிடம் சொன்னது உன் காதில் விழுந்ததுதான் பெரிய வினை. "அக்கா காய்ச்சுறதுல எப்பவும் ஒரு கருகல் வாசனை அடிக்கும். இதைப் பாருங்க, எவ்வளவு தெளிவு"ன்னு சொன்னேன். ஆமாம், சொன்னேன். நீயும் சும்மா விடவில்லையே. "உன் வாய்ல வர்ற வாடைக்கு என் கருகல் எவ்வளவோ தேவலை"ன்னு எல்லார் முன்னாலும் கேட்டாய்.

என்ன வாடை என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அதை அப்படியே விட்டுவிடுவோம். ஒரு வரியாவது எழுது.

க்ரூம்

*

வர்பினோ,
18 செப்டம்பர் 1983

க்ரூமுக்கு,

கடிதம் வந்தது, படித்தேன். மிட்ரேயும் படித்தார். அவருக்கு உன்மேல் கோபம் இல்லையாம். அவருக்கு யார்மேலும் கோபம் வராது, அது ஒரு குறை.

ஒரு பெட்டி சாறுதானே என்று எழுதியிருக்கிறாய். ஊரைவிட்டுப் போனவனுக்கு எல்லாமே பெட்டிக் கணக்குதான். இந்தச் சபை கட்டும்போது அம்மா புதுப்பெண். ஆற்றிலிருந்து கல்லை மடியில் கட்டிக்கொண்டு வந்த பெண்களில் அவளும் ஒருத்தி. கோபுரத்துக்கு மணி வாங்க வசதி இல்லை. "ஆர்த்தடாக்ஸ்காரங்க அடிக்கிற மணி நம்ம காதுலயும்தானே விழுது"ன்னு பெரியவர்கள் சொல்ல, அன்று முதல் அவர்கள் மணிக்குத்தான் நாம் கிளம்புகிறோம். முதல் திருவிருந்துக்கு நம் வீட்டுக் கொடியிலிருந்துதான் சாறு போனது. வீட்டுக்கு வீடு பீப்பாயில் ஒயினும் செப்புக் கலயத்தில் ராக்கியாச் சாராயமும் இறக்குகிற ஊர் இது. இதற்கு நடுவில் நம் ஜனம் மட்டும் பழத்தைப் பிழிந்து, புளிப்பு ஏறும் முன்னால் காய்ச்சி, அடைத்துவைத்து, சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று தலை நிமிர்ந்து நடந்தோம். எனக்குப் பல் வலித்தபோது பக்கத்து வீட்டு தோனே ராக்கியாவைப் பஞ்சில் நனைத்துக் கொண்டுவந்தாள். நான் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். என் நாக்கில் இன்றுவரை ஒரு சொட்டு பட்டதில்லை. மதுவைத் தொட மாட்டேன் என்று நீயும் பைபிள்மேல் கை வைத்து அதே வாக்கைத்தான் கொடுத்தாய், ஞாபகம் இருக்கட்டும்.

நீ செய்த வேலையின் பலனைக் கேள். நவம்பர் பதின்மூன்றாம் தேதி சபைக்கு அறுபதாம் ஆண்டு விழா. தலைநகர் ஸ்கோப்யேயிலிருந்து, எல்லாச் சபைகளுக்கும் மேலான கண்காணிப்பாளர் வருகிறார். மூப்பர் கூட்டத்தில் நம் பாடகர் குழுத் தலைவர் பாண்டே எழுந்து, "க்ரூம் கொண்டாந்ததுல மிச்சம் இருக்கே, பெரியவர் வர்றப்போ அதையே வச்சிடலாமே"ன்னு சொன்னார். அந்த வாயால்தான் முப்பது வருஷம் என் சாற்றைக் குடித்தார். போதகர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "விழாவுக்கு ஸ்டோய்னா வீட்டுச் சாறே இருக்கட்டும். அதுக்கப்புறம் எதை வைக்கறதுன்னு பார்ப்போம்"னார்.

பார்ப்போமாம்! அன்றைக்கு ஒருவர் முகம் சுளித்தால் இனி இந்த வீட்டிலிருந்து அந்தப் பாத்திரம் நிறையாது. அதுதான் அர்த்தம், எனக்குப் புரியாமல் இல்லை. இந்த வருஷம் கருகல் இல்லாமல் காய்ச்சிக் காட்டுகிறேன். கண்ணாடி மாதிரி இருக்கும்.

ஸ்டோய்னா

*

விண்டர்தூர்,
2 அக்டோபர் 1983

அக்கா,

திட்டியாவது எழுதினாயே, சந்தோஷம். ஆலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தடவை படித்தேன்.

கருகல் என்று நான் உளறியதை மறந்துவிடு. நீ எப்போதும் காய்ச்சுகிற மாதிரியே காய்ச்சு. புதிதாக ஒன்றும் செய்யாதே, கெஞ்சிக் கேட்கிறேன்.

விழாவுக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. இங்கே சபையில் ஆர்கன் இருக்கிறது, மெத்தை வைத்த நாற்காலி இருக்கிறது. ஆனால் எல்லாரும் ஒரே குரலில்தான் பாடுகிறார்கள். "எங்க ஊர்ல மிளகாய் பறிச்ச கையோட வந்து, கருவி ஒண்ணும் இல்லாம, நாலு குரல்ல பாடுவாங்க"ன்னு போன வாரம் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. சொல்லும்போது என் நெஞ்சு இவ்வளவு உயரம் எழும்பியது, அக்கா. எனக்குப் பதிலாகக் கீழ்க்குரலுக்கு யாரை நிறுத்தியிருக்கிறார் பாண்டே?

க்ரூம்

*

வர்பினோ,
23 அக்டோபர் 1983

தம்பி க்ரூமுக்கு,

தோனே மகன் வாஞ்சோ ஊருக்கு வந்துவிட்டு உங்கள் பக்கம் வேலைக்குத் திரும்புகிறான். அவன் கையில் ஒரு பாட்டில் கொடுத்தனுப்புகிறேன். வழியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டுத்தான் வருவானாம். வந்ததும் வாங்கிக் குடித்துப் பார்.

இந்த வருஷம் பழம் நன்றாகக் கறுத்திருந்தது. வழக்கமாகப் பாதி சுண்டும்வரை அடுப்பில் வைப்பேன், அம்மாவும் அப்படித்தான். இந்தத் தடவை முதல் நுரை எழும்பியதுமே இறக்கிவிட்டேன். அடி பிடிக்கவே இடம் கொடுக்கவில்லை. வெயிலில் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கிற கோழி தெரிகிறது. எங்கே போயிற்று உன் கருகல்?

அதுமட்டும் இல்லை, இதில் ஒரு துடிப்பும் இருக்கிறது. ஊற்றும்போது பொடிப்பொடியாகக் குமிழ் எழும்புகிறது, அப்படி நான் பார்த்ததே இல்லை. போன செவ்வாய்க்கிழமை நிலவறையில் ஒரு பாட்டில் மூடி பறந்து உத்தரத்தில் அடித்தது. பூனை தட்டிவிட்டிருக்கும் என்று நினைக்கிறேன். மிட்ரே வந்து மூடியை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"ஸ்டோய்னா, இது கொஞ்சம்..."

"என்ன கொஞ்சம்?"

"ஒண்ணுமில்ல. நல்லா உயிரோட்டமா இருக்கு."

அவர் வாயிலிருந்து இவ்வளவு புகழ்ச்சி வந்து எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா?

எனக்குப் போன வருஷத்து அளவுக்கு இனிப்பு தெரியவில்லை, நாக்கில் சுருக்கென்று ஏறுகிறது. பழம் அப்படி. குடித்துப் பார்த்துவிட்டு நேராக எழுது. பெட்டிச் சாறு நல்லதா, என் சாறு நல்லதா?

கீழ்க்குரலுக்கு யாரையும் நிறுத்தவில்லை. பாண்டே உன் இடத்தை விட்டுவைத்திருக்கிறார்.

உன் அக்கா ஸ்டோய்னா

*

தந்தி
விண்டர்தூர், 9 நவம்பர் 1983

உன் சாறு வேண்டாம். பெட்டியில் இருப்பதை ஊற்று. காரணம் கடிதத்தில். க்ரூம்

*

விண்டர்தூர்,
10 நவம்பர் 1983

அக்கா,

நேற்று ஒரு தந்தி கொடுத்தேன். கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் அதை உன் கண்ணால் படித்துப் பார்த்தேன். எனக்கே பகீரென்றது. ஆனால் அதில் வேறெதை எழுதுவேன்? வர்பினோ தபால் நிலையத்தில் உட்கார்ந்திருப்பது பாண்டேயின் மகள். உள்ளதை எழுதியிருந்தால் தந்தி உன் கைக்கு வரும் முன்னால் ஊரைச் சுற்றி வந்திருக்கும்.

வாஞ்சோ முந்தாநாள்தான் பாட்டிலைக் கொண்டுவந்தான். கிளாஸில் ஊற்றி ஒரு வாய் குடித்தேன். அக்கா, அது சாறு இல்லை. ஒயின். அரைகுறை கூட இல்லை, முழு ஒயின். நீ சீக்கிரம் இறக்கிவிட்டாய். சூடு போதவில்லை, உள்ளே புளித்துவிட்டது. மூடியைத் தட்டியது பூனை இல்லை.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். கேட்பாய் என்று தெரிந்ததால்தான் நேற்றெல்லாம் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பாட்டில் வழியில் உடைந்துவிட்டது, நாற்றம் அடித்தது என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். பெட்டிச் சாற்றுக்காகப் பொய் சொல்கிறான் என்றுதான் நீ நினைப்பாய். ஆகையால் உள்ளதையே எழுதுகிறேன். என்னோடு வேலை செய்கிற இத்தாலிக்காரன் பிரூனோ வீட்டில் சனிக்கிழமை இரவில் சாப்பிடுவேன். மேசையில் ஒயின் இருக்கும். முதல் வருஷம் தண்ணீர் கேட்டேன். இரண்டாம் வருஷம் கேட்கவில்லை. கோடையில் நீ பிடித்த வாடை அதுதான். உன் மூக்கு தப்பாது.

என்னை நீ என்ன வேண்டுமானாலும் நினை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாட்டிலை மட்டும் திறக்காதே.

க்ரூம்

*

வர்பினோ,
14 நவம்பர் 1983

க்ரூமுக்கு,

உன் தந்தி வந்தது. அடுப்பில் போட்டேன். காரணம் கடிதத்தில் என்றாயே, கடிதம் இன்னும் வரவில்லை, வந்தாலும் எனக்கு வேண்டாம். நேராகச் சொல் என்றால் இப்படியா முகத்தில் அடிப்பாய்? அதுவும் பாண்டேயின் மகள் வாசலில் நின்று, "அத்தை, தம்பி என்னமோ சொல்லியிருக்கார்"ன்னு இளித்துக்கொண்டு நீட்டினாள். ஒரு பாட்டில் எடுத்துப்போக நினைத்தவள், அதற்காகவே இரண்டு எடுத்துப்போனேன்.

இப்போது கேள். நேற்று சபையில் உட்கார இடம் இல்லை. ஜன்னல் திண்டிலெல்லாம் ஆள். தோனேகூடத் தன் கோயில் முடிந்து வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பாத்திரம் நிறைத்தாயிற்று. போதகர் ஈலியா முதல் மடக்குக் குடித்தார். குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஜெபிக்கிறார் என்று எல்லாரும் தலை குனிந்தோம். பிறகு கண்காணிப்பாளர் குடித்தார். அவரும் கண்ணை மூடினார். அதற்குப் பிறகு வரிசை வரிசையாக முழங்காலிட்டார்கள். ஒரு முகம் சுளிக்கவில்லை, க்ரூம், ஒன்றுகூட! வழக்கமாகப் பாத்திரத்தில் உதட்டை மட்டும் நனைக்கிற கிழவர்கள் நின்று நிதானமாகக் குடித்தார்கள். பாண்டேயின் பிடரி சிவந்துபோயிற்று, அவ்வளவு உருக்கம்.

அதன்பிறகு பாடினார்களே ஒரு பாட்டு! சுவர் அதிர்ந்தது. ஆண்கள் பக்கத்துப் பின்வரிசை எப்போதும் அரை அடி பிந்தித்தான் வரும், நேற்று முந்திக்கொண்டு போனது. உன் இடம் காலியாக இருந்தும் குறை தெரியவில்லை. தெரிந்தது. ஆனால் அதை இப்போது எழுத மாட்டேன்.

விருந்தில் கண்காணிப்பாளர் என்னைத் தேடி வந்தார். "சகோதரி, இது உங்க கையால செஞ்சதா?"

"ஆமாங்க ஐயா."

"எப்பவுமே இப்படித்தான் இருக்குமா?"

"அம்மா காலத்துல இருந்து இதே கைப்பக்குவம்தான்"னேன்.

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு நகர்ந்தார். பேச்சே வரவில்லை மனிதருக்கு. வாசலில் தோனே என் காதருகே வந்து, "ஸ்டோய்னா, இது தெரிஞ்சிருந்தா நான் எப்பவோ உங்க சபைக்கு மாறியிருப்பேனே"ன்னு சொன்னாள். ஆர்த்தடாக்ஸ்காரி வாயாலேயே கேட்டுவிட்டேன். இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

உன் பெட்டியை இனி நீயே வைத்துக்கொள்.

ஸ்டோய்னா

*

வர்பினோ,
28 நவம்பர் 1983

என் தம்பி க்ரூமுக்கு,

நான் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வீடு திரும்பினால் உன் கடிதம் மேசையில் கிடந்தது. படித்தேன். மிட்ரேவிடம் ஒன்றும் சொல்லாமல் நிலவறைக்குப் போனேன். ஒவ்வொரு பாட்டிலாக முகர்ந்து பார்த்தேன். தோனே வீட்டு வாசலைக் கடக்கும்போது மூக்கைப் பொத்துவேனே, அதே வாடைதான். என் வீட்டில், என் கையால் வந்ததால், அது வாடை என்றே எனக்குத் தோன்றவில்லை.

மிச்சப் பாட்டிலையெல்லாம் தோனேயிடம் கொடுத்தேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, "பொய் சொல்லாத. முதல் தடவை செய்றவ கையில இது வராது"ன்னாள். அந்த நிலையிலும் எனக்கு ஒரு பெருமை வந்தது, க்ரூம். கர்த்தர் மன்னிக்கட்டும்.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருவருக்கும் தெரியாதே. பிறகுதான் மண்டையில் உறைத்தது. ஒருவருக்குமா தெரியாது? போதகர் ஏன் கண்ணை மூடினார்? பாண்டேயின் பிடரி ஏன் சிவந்தது? எட்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை.

நேற்று ஆகமன காலத்தின் முதல் ஞாயிறு. சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்தேன். "விழா அன்னிக்கு நான் உங்களுக்குக் குடுத்தது ஒயின். எனக்குத் தெரியல, ஏன்னா அதோட ருசி எனக்குத் தெரியாது. என் தம்பி எழுதித்தான் தெரிஞ்சுது. நீங்க யாரும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அது ஒயினுன்னு அன்னிக்கே தெரிஞ்சவங்க எழுந்திருங்க"ன்னு சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

சபைக் கணப்பு அடுப்பில் விறகு வெடிப்பதுதான் கேட்டது. பிறகு ஆண்கள் பக்கத்தில் ஒரு பெஞ்ச் முனகியது. யார் என்று பார்க்கிறேன், என் புருஷன்! எனக்குக் கணவனாகி முப்பத்திரண்டு வருஷமான மனுஷன், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு எல்லாருக்கும் முதலில் நிற்கிறார். "புகையிலை பறிக்கற விடியக்காலைக் குளிர்ல, தோனே புருஷன் கூப்பிட்டு, ஒரு வாய்"னு முணுமுணுத்தார். அப்புறம் பாண்டே எழுந்தார். பாண்டேயின் மகள் எழுந்தாள். மூப்பர்கள் எழுந்தார்கள். காது கேட்காத மென்கா கிழவி, "எதுக்கு நிக்கறாங்க?"ன்னு கத்தினாள். யாரோ அவள் காதில் சொன்னார்கள். அவளும் தடியை ஊன்றிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

நான் போதகரைப் பார்த்தேன். அவர் பிரசங்க மேடையில் நின்றபடியே, "நான் ஏற்கெனவே நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன், சகோதரி"ன்னார்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. மென்கா கிழவியாக இருக்கும். சபை மொத்தமும் சிரித்தது, நின்றுகொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே. நான் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தேன். வாழ்நாள் முழுக்க எதற்காகத் தலை நிமிர்ந்து நடந்தேனோ அது அன்றைக்கு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. வர்பினோவில் வாக்கு மீறாதவள் ஸ்டோய்னா ஒருத்தி. அந்தப் பெருமையை நான் விட மாட்டேன். ஆனால் என்னைச் சுற்றி எல்லாரும் நிற்கிறார்கள், அவர்கள் முதுகைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பெஞ்ச் நீளமாக இருந்தது, அதில் நான் மட்டும். கடைசியில் எனக்கே அழுகையும் சிரிப்புமாக வந்துவிட்டது.

இனி இந்த வீட்டுச் சாறு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். பாண்டே நின்றபடியே கையை ஆட்டினார். "அதெல்லாம் முடியாது. எங்களுக்கு அந்தக் கருகல்தான் வேணும். க்ரூமோட சாறைக் குடிச்சப்போ வேற ஊர் சபையில நிக்கற மாதிரி இருந்துச்சு"ன்னார். போதகர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். இனிமேல் பாட்டிலைச் சபைக்கு எடுக்கும் முன்னால், ருசி தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். சொல்லிவிட்டு மிட்ரேவைப் பார்த்தார். மிட்ரே ரொம்ப ஆசையாக நிமிர்ந்தார்.

"வேண்டாம்"னேன். "அவரு தெரிஞ்சே உயிரோட்டம்னு சொன்ன ஆளு. முகத்துக்கு நேரா சொல்றவன் ஒருத்தன்தான் இருக்கான். அந்த வேலைக்கு என் தம்பி வரட்டும்."

நீ தந்தியில் எழுத அஞ்சியதை நான் ஆராதனையில் எழுந்து சொல்லிவிட்டேன். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உன் வாக்கு போனதில் எனக்கு வருத்தம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் வெட்கத்தை விட்டு நீ எழுதியது எனக்காக. அந்தக் கடிதத்தை நான் அடுப்பில் போடவில்லை.

சாட்சி முடிந்ததும் திருவிருந்து நடந்தது. வேறு சாறு இல்லாததால் உன் பெட்டியிலிருந்துதான் ஊற்றினார்கள். நான் எழுந்து போய், எல்லாருக்கும் முதலில் முழங்காலிட்டு வாங்கிக் குடித்தேன். தெளிவாகத்தான் இருக்கிறது. ருசிதான் இல்லை.

அடுத்த அறுவடைக்கு லீவு இப்போதே கேட்டு வை. இந்தத் தடவை பாதி சுண்டும்வரை அடுப்பைவிட்டு நகர மாட்டேன், அடி கொஞ்சம் பிடிக்கத்தான் பிடிக்கும். பெட்டி கிட்டி ஒன்றும் கொண்டுவராதே, நீ மட்டும் வா. பாட்டிலைத் திறந்து உன் கையில் கொடுப்பேன், குடித்துப் பார்த்துச் சொல்.

சாறாக இருந்தால் குடி. ஒயினாக இருந்தால் துப்பிவிடு.

உன் அக்கா
ஸ்டோய்னா